7/0.67 வயர்: ஒரு கடையில் மூன்றில் ஒரு பங்கு மலிவு ஏன்?

வீட்டு வயரிங்குக்கான 7/0.67 செம்பு வயர்ச் சுருள் ஒரு கடையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைத்தால், அதை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கொழும்பு புறக்கோட்டையில் கடைக்குக் கடை கொஞ்சம் விலை வித்தியாசம் இருக்கும்தான். ஆனால் ஒரே அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறதென்றால், பெரும்பாலும் செம்பில்தான் கை வைத்திருப்பார்கள்: இழை மெலிவு, அல்லது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு.

கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். 7/0.67 என்றால் 0.67 மி.மீ. தடிப்பில் 7 இழை, கிட்டத்தட்ட 2.5 சதுர மி.மீ. 100 மீற்றர் சுருளில் செம்பு மட்டுமே சுமார் 2.2 கிலோ. பிவிசி உறையோடு ஒற்றை வயர் 3 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். 2 கிலோ சொச்சம் காட்டினால் பேச்சே வேண்டாம், திரும்பி வாருங்கள்.

பிறகு நுனியில் ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டுமே ஒட்டாது.

எடை சரியாக இருந்தாலும் உறையில் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச் சான்று) குறி, அளவு, நீளம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வெட்டிய சுருளைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆகவே வயரிங் பாஸ் (மின் வேலை செய்பவர்) எத்தனை மீற்றர் வேண்டும் என்று கணக்குத் தரும்வரை பொறுங்கள்.