விழிஞ்ஞம் கப்பலும் களியக்காவிளை மெக்கானிக்கும்

அண்ணே, விழிஞ்ஞத்தில் கப்பல் பார்த்துவிட்டு வந்து சொன்னால், "காருக்கு நின்றபடி ஓடும் ஐடிலிங்கே 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று), கப்பல் என்ஜின் 102-ல் ஓடுமா, புளுகு" என்று உங்கள் களியக்காவிளை மெக்கானிக் சிரிக்கிறார் என எழுதியிருந்தீர்கள். புளுகில்லை. அந்த 102, எம்மா மேர்ஸ்க் கப்பலில் 2006-ல் வந்த வார்ட்சிலா-சுல்சர் என்ஜினுடையது. 14 சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் டீசல், எடை 2300 டன்.

அவரைப் பிஸ்டன் வேகத்தைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம், 2.5 மீட்டர், ஆளை விட உயரம். ஒரு சுற்றுக்கு மேலும் கீழுமாக 5 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 510, நொடிக்கு 8.5. பழைய ஸ்விஃப்ட் டீசலில் ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர்தான். 4000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர். பிஸ்டனுக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம்! டார்க்கில், அதாவது தண்டைத் திருப்பும் விசையில்தான் தலை சுற்றும்: ஸ்விஃப்டுக்கு 190 நியூட்டன் மீட்டர், இதற்குச் சுமார் 75 லட்சம்.

அப்புறம் கியர்பாக்ஸ் எங்கே என்பார். கிடையாது, தண்டு நேரே ப்ரொப்பெல்லருக்குப் போகிறது. ரிவர்ஸ் வேண்டுமென்றால் என்ஜினையே நிறுத்தி, அழுத்திய காற்றால் எதிர்ப்பக்கம் சுழற்றி ஸ்டார்ட் செய்வார்கள். இதைக் கடைசியில் சொல்லுங்கள். பந்தயம் சாயாவும் பழம்பொரியும் என்றால் எனக்கும் ஒரு பங்கு.