போன் கேமராவில் வெயிலையும் நிழலையும் வைத்து நல்ல படம் எடுப்பது எப்படி?

வெளிச்சம் நிறைய இருக்கும்போது எடுத்தும் படம் சப்பென்று வருகிறது, கேமராவை மாற்றினால்தான் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஆறேழு வருடமாகப் போனில்தான் எடுக்கிறேன்.

வெயில் அதிகம் இருந்தால் படம் நன்றாக வரும் என்று நானும் நம்பியவன்தான். ஒரு சித்திரை மாதத் திருவிழாவில், நடுப்பகலில் அத்தை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தேன். எல்லார் கண்ணும் கறுப்புக் குழி. மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து! காரணம் எளிது. மதுரை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மட்டும் வெளிச்சம் விழும். மார்கழியில் அதே நண்பகலில் சூரியன் 57 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதனால் முகம் கொஞ்சம் தப்பிக்கும்.

'கோல்டன் ஹவர்' என்று, சூரியன் தாழ்வாக நின்று வெளிச்சம் மென்மையாக விழும் ஒரு மணி நேரம் காலையிலும் மாலையிலும் இருப்பதாகப் படித்திருப்பீர்கள். நம் ஊரில் அதை நம்பி நிதானமாகக் கிளம்பினால் கோட்டை விடுவீர்கள். மார்ச் மாதத்தில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி ஏற ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். இங்கே அது செங்குத்தாக ஏறுவதால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். கோலத்தை எடுக்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். வெளிச்சம் தரையோடு படுத்து வரும்போதுதான் மாவின் பொரபொரப்பு தெரியும். பத்து மணிக்கு எடுத்தால் வெறும் வெள்ளைக்கோடு.

மற்ற நேரத்துக்கு நான் நம்புவது திண்ணையை. திண்ணை இல்லையென்றால் வாசற்படி, அதுவும் இல்லையென்றால் ஜன்னலோரம். மேலே கூரை உச்சி வெயிலை மறைத்துவிடும். தெருவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் மெதுவாக வரும். என் அப்பத்தாவை அப்படித்தான் எடுத்தேன். திண்ணை விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே உட்கார வைத்து, ஒரு கன்னம் தெருவைப் பார்க்கும்படி திருப்பினேன். பின்னால் வீட்டின் உட்பக்கம் தானாகவே இருட்டாகிவிட்டது. முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. (எதிர்வீட்டுச் சுவரையும் கவனியுங்கள். பச்சை பெயின்ட் அடித்திருந்தால் கன்னமும் பச்சையாகும்.)

இங்கே போன் ஒரு வேலை செய்யும். இருட்டைப் பார்த்தால் அது பயந்துபோய் மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கிவிடும், அப்பத்தாவின் நரைமுடி வெந்துபோன மாதிரி ஆகும். முகத்தில் வெளிச்சம் படும் பக்கத்தைத் தொட்டு, திரையில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து விடுங்கள். நிழல் நிழலாகவே இருக்கட்டும். ஹெச்டிஆரை (வெளிச்சத்தையும் இருட்டையும் போனே சமப்படுத்தும் வசதி) அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், நாம் பார்த்துப் பார்த்து வைத்த நிழலை அதுதான் துடைத்துவிடுகிறது.

அப்புறம் டியூப்லைட். கேமராவைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஓடிப்போய் அதைப் போட்டுவிடுவார்கள். முதலில் அதை அணையுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், இன்னொன்று வேறு நிறம்.

டீயின் ஆவி, தோசைக்கல் புகை எல்லாம் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து, அதற்கும் பின்னே இருட்டான சுவர் இருந்தால்தான் படத்தில் தெரியும். டீக்கடையில் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள், புரியும்.

அப்பத்தாவிடம் படத்தைக் காட்டியபோது, "ஏன்டா, பாதி மூஞ்சிய இருட்டாக்கிட்ட?" என்றார். சரியென்று, தம்பியிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து நிழல் விழுந்த பக்கத்தில் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். வேட்டியில் பட்ட வெளிச்சம் அந்தக் கன்னத்துக்கும் கொஞ்சம் போனது. இரண்டாவதாக எடுத்த அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். முதல் படம் என் போனோடு சரி.