சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே: கேள்வி பதில்

முக்கூடலிலிருந்து ஒரு தகப்பனார்: அண்ணாச்சி, டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவர் காரெட் மார்கன் என்று என் மகன் பள்ளியில் பேசப்போகிறான். சரிதானா?

அப்படிப் பேசவேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914-லேயே மின்சார சிக்னல் வந்துவிட்டது. நாற்சந்திக்கு மூன்று நிற விளக்கு வைத்தது டெட்ராய்ட், 1920-ல். மார்கன் 1923-ல் காப்புரிமை வாங்கியது கையால் இயக்கும் சிக்னல் கம்பத்துக்கு. நில், போ இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கத்தையும் ஒருசேர நிறுத்தும் நிலை அதில் உண்டு. மகன் இதைப் பேசட்டும், இதுவே பெரிய விஷயம்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: எல்லாரையும் நிறுத்துவதால் நேரம்தானே வீண்?

இல்லம்மா, உயிரைக் காப்பதே அந்த நேரம்தான். ஒரு கணக்குப் பாருங்கள். பஸ்ஸின் நீளம் 12 மீட்டர், சந்திப்பின் அகலம் 25 மீட்டர். வண்டியின் பின்பக்கம் மறுகரை தாண்ட 37 மீட்டர் ஓடவேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 4 நொடி. மஞ்சள் அணையும் நேரத்தில் கோட்டைத் தாண்டிய பஸ் நடுச்சந்தியில் இருக்கும்போதே குறுக்கே பச்சை விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் மஞ்சளுக்குப் பிறகு சில நொடி எல்லாப் பக்கமும் சிவப்பு வைக்கிறோம். நம்மாட்களோ பச்சை விழுமுன்னே கிளட்சை விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தாங்காத வருத்தம் இது. மார்கன் அந்த இடைவெளியில் நடந்து போகிறவர்களையும் நினைத்தார். அவர் கம்பத்தில் நில், போ என்று காட்டும் கைகள் மேலே எழுந்து நின்றால் வண்டி எதுவும் நகரக்கூடாது, ஆட்கள் கடக்கலாம். போக்குவரத்து குறைந்த ராத்திரியில் கைகளைப் பாதி உயரத்தில் விட்டால் பார்த்துப் போ என்று பொருள். இன்றைக்கு விட்டுவிட்டு எரியும் மஞ்சளுக்கும் அதே வேலைதான்.

வள்ளியூர்: மார்கன் பெரிய படிப்பாளியோ?

ஆரம்பப் பள்ளியோடு சரி. அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் பிள்ளை. தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவர். புகைக்குள் மூச்சுவிட முகமூடி செய்து, 1916-ல் ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கப்பாதையில் வெடிவிபத்து நடந்தபோது அதை மாட்டிக்கொண்டு தானே இறங்கி ஆட்களைத் தூக்கிவந்தார்.

அம்பாசமுத்திரம், பிளஸ் டூ மாணவர்: இந்தப் போக்குவரத்துத் துறை வேலைக்கு நான் என்ன படிக்க?

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1997-ல் மார்கன் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது, உங்களைப் போன்ற மாணவர்களை இந்தத் துறைக்கு இழுக்கத்தான். நமக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது தம்பி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் படிக்கலாம். அப்புறம் திருச்சி என்.ஐ.டி.யில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். ஆட்டோமொபைல் டிப்ளமோ பிடித்தால், டி.என்.பி.எஸ்.சி. எழுதி மோட்டார் வாகன ஆய்வாளர் ஆகலாம். கணக்கு மட்டும் கைவசம் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பக்கமிருந்து எத்தனை பைக், எத்தனை பஸ், நடந்து கடக்க முடியாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் அதை வைத்தே அந்த முக்குக்குச் சிக்னல் நேரம் போட்டுக் காட்டுகிறேன்.