வயலின் சேர்த்தால் பரோக் ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். 1960களில் பொப்பும் ரொக்கும் ஜெர்மன் இசை மேதை பாக் காலத்து இசையோடு (அதற்குப் பெயர்தான் பரோக்) சம்பந்தம் பண்ணிக்கொண்டன என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். கிரிக்கெட் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பேண்டில் ஒரு வயலின் பிள்ளையைச் சேர்த்திருக்கிறோம். இனி எங்களைப் 'பரோக் பொப்' பேண்ட் என்று போஸ்டரில் போடலாமா? (ரிதம் கிட்டார் வாசிக்கும் தம்பி, கொட்டாஞ்சேனை)

பதில்: போடுங்கள், யாரும் வந்து பிடிக்கமாட்டார்கள். ஆனால் வயலின் வந்ததால் மட்டும் அந்தப் பெயர் ஒட்டாது தம்பி.

பரோக் என்பது சுமார் 1600இலிருந்து 1750 வரை ஐரோப்பாவில் ஓடிய இசை. பாக், ஹாண்டல், விவால்டி எல்லாம் அந்தக் கூட்டம். உங்கள் பக்கத்தில் இருக்கும் வுல்ஃபெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய 1749இல் பாக் உயிரோடு இருந்தார். கட்டி முடித்த 1757இல் இல்லை. அந்தக் காலத்தில் இசை எழுதுகிறவர் செல்லோ (பெரிய வயலின் மாதிரி, கனத்த குரல்) வாசிக்க வேண்டிய கீழ்வரியை முழுதாக எழுதுவார், அதன் கீழே பொடி எழுத்தில் 6, 7, 4–3 என்று எண்கள் போட்டுவிடுவார், அவ்வளவுதான். ஹார்ப்சிகார்ட்டில் (பியானோ மாதிரிக் கட்டைகள் உள்ள அந்தக் கால வாத்தியம்) உட்கார்ந்திருப்பவர் அந்த எண்களைப் பார்த்து, தன் கைக்கு வந்தபடி மேல் சுரங்களை நிரப்பிக்கொண்டே போவார். ஈ சுரத்தின் கீழ் 6 என்று இருந்தால் ஈ, ஜி, சி மூன்றையும் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். இதையே உங்கள் கிட்டார் தாளில் எப்படி எழுதுவீர்கள்? சி, ஒரு சாய்கோடு, ஈ. அதே சங்கதிதான். அவர்கள் எண்ணால் எழுதினார்கள், நீங்கள் எழுத்தால் எழுதுகிறீர்கள்.

கீழே ஒருவர் நடந்துகொண்டே இருப்பார், மேலே மற்றவர்கள் பாதி எழுதியதும் பாதி சொந்தமுமாக வாசிப்பார்கள். ரொக் பேண்டிலும் இதுதானே நடக்கிறது? அதனால்தான் இரண்டும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டன என்பது என் கட்சி. உங்கள் பேஸ் கிட்டார்காரர் ஒவ்வொரு கோர்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) அதன் முதல் சுரத்தையே டும் டும் என்று அடித்துக்கொண்டிருந்தால், நாலு வயலின் வைத்தாலும் அது கல்யாண வீட்டு பேண்டுதான். முதலில் அவரை நடக்கவிடுங்கள்.

இன்னொன்று. பரோக் பொப் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது பீட்டில்ஸின் 'எலினோர் ரிக்பி' (1966). நாலு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. அருமையான பாட்டு. ஆனால் அந்த வில் வெட்டி வெட்டி விழும் சத்தத்துக்குத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது பாக்கை அல்ல, பெர்னார்ட் ஹெர்மன் என்ற சினிமா இசையமைப்பாளரை. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

கேள்வி: என் மகள் பியானோ கிளாஸில் ஜி மேஜர் மினுவெட் வாசிக்கிறாள். இவர் அதைக் கேட்டுவிட்டு, 'இது ரேடியோவில் போன பழைய இங்கிலீஷ் பாட்டு' என்கிறார். மகள் 'இல்லை, பாக்' என்று சண்டை. யார் சரி? (ஒரு அம்மா, வெள்ளவத்தை)

பதில்: ஐயா சொல்வது சரி. 1965இல் 'த டோய்ஸ்' என்ற மூன்று பெண்கள் குழு 'அ லவ்வர்ஸ் கொன்செர்ட்டோ' என்று அதே மெட்டைப் பாடிப் பெரிய ஹிட் ஆக்கியது. மினுவெட் என்ற பழைய நடனம் மூன்று எண்ணிக்கை, அவர்கள் அதை நாலாக்கினார்கள். மகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு மூன்று எண்ணிக்கையையும் நாலாக இழுத்தால் போதும், மினுவெட் பொப் ஆகிவிடும். மகள் சொல்வதுதான் கொஞ்சம் இடிக்கிறது. பாக் தன் மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் தொடங்கிக் கொடுத்த கொப்பியில் அது இருப்பதால் பாக் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். இதை மகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள், பரீட்சை முடிந்த பிறகு.

கேள்வி: 'அ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்' பாக்கிடம் களவெடுத்த பாட்டு என்கிறார்களே, உண்மையா? (மருதானை வாசகர்)

பதில்: நீங்கள் கேட்டதற்காகவே போன வாரம் புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, காதில் இயர்ஃபோனை மாட்டி, புரோக்கோல் ஹாரம் குழுவின் அந்தப் பாட்டையும் (1967) பாக்கின் 'ஏர்' என்று பெயர் பெற்ற துண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளைக்குப் போய்விட்டேன், அது வேறு கதை.

மேலே ஓர்கன் வாசிக்கும் மெட்டு பாக்கினுடையது அல்ல. பாக் வாசனை இருக்கிறது, அந்த இழுத்து நிற்கும் முதல் சுரம், பிறகு பொலபொலவென்று உதிர்வது, எல்லாம் இருக்கிறது, ஆனால் சுரத்துக்குச் சுரம் வேறு. ஒற்றுமை கீழே. பேஸை மட்டும் பிடியுங்கள்: சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, சி. சங்கீதம் படித்தவர்களுக்குச் சொன்னால், சங்கராபரணத்தின் அவரோகணத்தை ஒரு ஸ்தாயி முழுக்க, படி படியாக, அவசரமில்லாமல் இறங்குகிறார்கள். பாக்கின் 'ஏர்' தொடங்குவதும் இப்படி ஒரு இறக்கத்தில்தான். இது களவா? படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்லை. அதில் யார் எப்படி இறங்கினார் என்பதுதான் பாட்டு.

அந்த ஓர்கன் மெட்டு யாருடையது என்பதற்கு மட்டும் பெரிய வழக்கே நடந்தது. வாசித்த மத்தியூ ஃபிஷரின் பெயர் பாட்டை ஆக்கியவர்கள் பட்டியலில் இல்லை. ஏறக்குறைய 40 வருஷம் கழித்து அவர் வழக்குப் போட்டார், 2009இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை போய் வென்றார். இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு. பாக்குக்கு ஒரு சதம்கூட இல்லை.

கேள்வி: அந்தப் பாட்டுகளில் 'ட்ரிங் ட்ரிங்' என்று வரும் ஹார்ப்சிகார்ட் சத்தத்தை எப்படிக் கொண்டுவருவது? கொழும்பில் அந்த வாத்தியத்துக்கு எங்கே போவது? (கீபோர்ட் வாசிப்பவர், தெஹிவளை)

பதில்: பீட்டில்ஸே ஹார்ப்சிகார்ட் இல்லாமல் சமாளித்திருக்கிறார்கள். 'இன் மை லைஃப்' (1965) நடுவில் வரும் அந்தத் துண்டு ஹார்ப்சிகார்ட் என்று பாதிப்பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பியானோ. ஜோர்ஜ் மார்ட்டினுக்கு அந்த வேகத்தில் வாசிக்க வரவில்லை, அதனால் டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே, நிதானமாக வாசித்துப் பதிவு செய்தார். பிறகு சாதாரண வேகத்தில் ஓடவிட்டால் எல்லாம் இரட்டை வேகம், ஒரு ஸ்தாயி மேலே, ஒவ்வொரு சுரமும் சட்டென்று அடங்கிவிடுகிறது. அதுதான் அந்த 'ட்ரிங்'.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. பொது மிடி (டோன்களுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான இலக்கம்) வரிசையில் வரும் எந்தக் கீபோர்டிலும் 7ஆவது டோன் ஹார்ப்சிகார்ட், எல்லாரும் அதைத் தாண்டி ஸ்ட்ரிங்ஸுக்கு ஓடுவார்கள். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள், டச் ரெஸ்பொன்ஸை (அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் வசதி) நிறுத்திவிடுங்கள். ஹார்ப்சிகார்ட் தந்தியைச் சுத்தியலால் அடிப்பதில்லை, கிள்ளுகிறது, அதனால் பலமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாததால்தான் அந்தக் காலத்தவர்கள் இத்தனை கமகம் மாதிரி அலங்காரங்களைப் போட்டார்கள். நீங்களும் போடுங்கள்.

கேள்வி: மெட்டல் கிட்டார்காரர் மால்ம்ஸ்டீன்தான் பாக்கின் உண்மையான வாரிசு என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா? (மெட்டல் ரசிகன், வத்தளை)

பதில்: இல்லை. வேகத்தில் குறை சொல்ல முடியாது, 1984இல் வந்த அவருடைய 'ரைசிங் ஃபோர்ஸ்' கேட்டுக் கிட்டாரைத் தூக்கியவர்களில் என் ஒன்றுவிட்ட தம்பியும் ஒருவன். ஆனால் முக்கால் மணித்தியாலம் கேட்டால் மேல்வரி மட்டும்தான் ஞாபகம் இருக்கும், கீழே யாரோ காவலுக்கு நிற்பது மாதிரி நிற்கிறார்கள். எனக்கு டீப் பர்ப்பிளின் 'ஹைவே ஸ்டார்' (1972) போதும்; அதன் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் தன் சோலோவின் கீழே ஓடும் கோர்ட்ஸ் பாக் பாணி என்று அவரே சொன்னவர், கேட்டால் தெரியும்.

மால்ம்ஸ்டீனின் கிட்டாரில் ஒரு விஷயம் நம் ஆட்களுக்குப் பிடிக்கும். கழுத்திலுள்ள மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார். விரல் மரத்தில் படாது, தந்தியை மட்டும் அழுத்தும். வீணையில் மெட்டு உயரமாக நிற்பதும் இதே வசதிக்குத்தானே? 70களில் நம் இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் ஜோன் மக்லாக்லினும் பள்ளம் குடைந்த கிட்டார் வைத்திருந்தார், அவர் வீணை படித்தவர்.

கேள்வி: ஒவ்வொரு இசையும் அதனதன் தூய்மையில் இருப்பதுதானே அழகு? ஏன் இந்தக் கலப்படம்? (சங்கீத ரீச்சர், பம்பலப்பிட்டி)

பதில்: ரீச்சர், நீங்கள் பக்கவாத்தியத்துக்கு வைத்துக்கொள்ளும் வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதர் 'காட் சேவ் த கிங்' மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' எழுதினார். கோபிக்காதீர்கள்.

கேள்வி: இளையராஜாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? (கையெழுத்தே இல்லாத ஏழு கடிதங்கள்)

பதில்: வருகிறேன், வருகிறேன். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (நடனத் தொகுப்பு) முன்னிசையை எடுத்து அதோடு தன் இசையைப் பின்னியிருக்கிறார். வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் வீடு மாறினோம் என்று சட்டென்று பிடிபடாது.

ஆனால் தனி இசைத்தட்டை விட எனக்குச் சினிமாப் பாட்டுகள்தான் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் அங்கே யாரும் பாக்கைக் கேட்டு வரவில்லை. 'சிட்டுக்குருவி'யில் (1978) 'என் கண்மணி' கேளுங்கள். பஸ்ஸில் கண்டக்டர் தேனாம்பேட்டை என்று கத்திக்கொண்டிருக்க, இரண்டு மெட்டுகள் ஒன்றின் இடைவெளியில் மற்றது நுழைந்து ஓடும். தனித்தனியாகப் பாடினாலும் பாட்டு, சேர்த்துப் பாடினாலும் பாட்டு. 'பகல் நிலவு' (1985) 'பூ மாலையே'யில் அவரும் ஜானகியும் ஒருவர் வரியை மற்றவர் முடிக்கவிடாமல் துரத்துவார்கள். அதுதான் பாக் வழி. பிறகு ஒருமுறை ஹெட்ஃபோன் போட்டு இரண்டு குரலையும் மறந்துவிட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாவது பாட்டு ஒன்று கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: தங்கச்சியின் ரிசெப்ஷனுக்கு மணப்பெண் நடந்து வர எல்லாரும் போடுகிற பாக்கெல்பெல் கேனன் வேண்டாம். வேறு ஏதாவது? (அண்ணன், கொள்ளுப்பிட்டி)

பதில்: நல்ல முடிவு. செல்லோகாரருக்கு அதில் எட்டே எட்டுச் சுரம், அதையே 28 தடவை வாசிக்க வேண்டும், பாவம். ஜெத்ரோ டல்லின் 'பூரே' (1969) போட்டுப் பாருங்கள். பாக் லூட்டுக்கு (கிட்டார் மாதிரிப் பழைய தந்தி வாத்தியம்) எழுதிய நடனத்தை இயன் அண்டர்சன் புல்லாங்குழலில் ஊதுவார், நடுவில் பேஸ் தனியாக எழும்பி ஓர் ஆட்டம் போடும். பிள்ளை கொஞ்சம் கெதியாக நடக்க வேண்டி வரும். பாக்கின் நடனத் தொகுப்புகளின் கடைசியில் வரும் ஜீக் என்ற துள்ளல் நடனம் எதையும் மட்டும் பேண்டிடம் கொடுத்துவிடாதீர்கள். அதில் பல ஆறு எட்டுத் தாளம், நம் பைலாக்காரர் கையில் கிடைத்தால் கேக் வெட்டும் முன்பே மாமாமார் எழும்பிவிடுவார்கள்.