கார் நிறுத்தும் தரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு எந்தத் தரை போடலாம் என்றுதான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. பதில் எழுத உட்கார்ந்தால், போடப்போகும் பொருளைவிட அதற்கு அடியில் உள்ள தரையைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: சென்ற ஆண்டு போர்டிகோ தரைக்கு எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின் பூச்சு) பூசினோம். கார் சக்கரங்கள் நிற்கும் நான்கு இடங்களில் மட்டும் பூச்சு தோலாக உரிந்து வருகிறது. மற்ற இடங்களில் ஒரு குறையும் இல்லை. மட்டமான சரக்கைப் பூசிவிட்டார்களா? (வேளச்சேரி, சென்னை)

சரக்கைக் குறை சொல்வதற்கு முன், உரிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய சிமெண்ட் படலம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், எபாக்சி நன்றாகவே பிடித்திருக்கிறது, கான்கிரீட்டின் மேற்பரப்புதான் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டாலோ, தரை இறுகும் நேரத்தில் மேலே சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்து வழவழப்பாக்கினாலோ, வலுவற்ற ஒரு படலம் மேலே வந்து நின்றுவிடும். அதன் மேல் எதைப் பூசினாலும் அது அந்தப் படலத்தோடு சேர்ந்தே கழன்றுவிடும். மாறாக, துண்டின் அடிப்பக்கம் சுத்தமாகவும் பளபளப்பாகவும் இருந்தால், பூச்சு தரையைப் பிடிக்கவே இல்லை. அதற்கு வழவழப்பு, எண்ணெய்ப் பசை, ஈரம் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

சக்கரத்தின் அடியில் மட்டும் உரிவதற்குக் காரணம் டயரின் சூடு. ஓடி வந்து நிற்கும் டயரின் வெப்பத்தில் மெல்லிய பூச்சு சற்று இளகி ரப்பரோடு ஒட்டிக்கொள்கிறது. டயர் ஆறிச் சுருங்கும்போது அந்த இடத்தைத் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. பிடிப்பு உறுதியாக உள்ள பூச்சு இந்த இழுப்பைத் தாங்கிவிடும்; அரைகுறையாகப் பிடித்தது தாங்காது. மற்ற இடங்களில் குறை தெரியாததற்கு, அங்கே இழுக்க ஆள் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம். ஆகவே நான்கு இடங்களில் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழுப் பூச்சையும் வைரப் பற்கள் கொண்ட கிரைண்டிங் மெஷினால் தேய்த்து எடுத்து, கைக்குச் சொரசொரப்பாகப் படும் புதிய கான்கிரீட் தெரியும் வரை கொண்டுவந்து, தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். சிலர் இதற்குப் பதிலாக ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். ஆசிட் எண்ணெய்ப் பசைக்குள் இறங்காது. சரியாக அலசாவிட்டால் அதன் உப்பு தரையிலேயே தங்கிவிடும். அதன் ஆவி பக்கத்து இரும்புக் கேட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மெஷின் கிடைக்கும் ஊரில் ஆசிட் தேவையே இல்லை.

தேய்த்த பின் ஈரத்தைச் சோதியுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கனமான, ஒளி ஊடுருவும் பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய உங்கள் பகுதியில் இது வியப்பில்லை. அதிலும், கான்கிரீட்டுக்கு அடியில் ஈரத்தடுப்பு ஷீட் விரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் மிகக் குறைவு. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. இரண்டிலும் ஈரம் தெரிந்தால் எபாக்சியைக் கைவிட்டு டைல்ஸ் அல்லது கல்லுக்குப் போய்விடுங்கள்.

தரை காய்ந்திருந்தால், பிரைமரும் அதன் மேல் இரண்டு கோட்டிங்கும் கொடுக்கலாம். வெயில் நேராக விழும் ஓரங்களில் எபாக்சி மஞ்சளித்து மங்கும் என்பதால், கடைசிக் கோட்டிங் வெயில் தாங்கும் பாலியூரித்தேனாக இருக்கட்டும். கலந்த எபாக்சியை டப்பாவிலேயே வைத்திருந்தால் அது தானே சூடேறி இறுகிவிடும். சென்னை வெயிலில் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். எனவே வேலையைக் காலையிலேயே தொடங்கி, சிறிது சிறிதாகக் கலந்து, கலந்த உடனே தரையில் ஊற்றிப் பரப்பச் சொல்லுங்கள். மறுநாள் நடக்கலாம்; காரை ஏற்ற ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

கேள்வி: புது வீட்டில் கார் பார்க்கிங்கிற்கு டைல்ஸ் போட இருக்கிறோம். பக்கத்து வீட்டில் ஓர் ஆண்டுக்குள் பல டைல்ஸ்கள் விரிசல் விட்டுவிட்டன. கனமான டைல்ஸ் வாங்கினால் போதுமா? (திருச்சி)

போதாது. 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 300 கிலோவை உள்ளங்கை அளவு இடத்தில் இறக்குகிறது. டைல்ஸின் அடியில் கலவை முழுமையாக நிரம்பியிருந்தால், சாதாரண பார்க்கிங் டைல்ஸே அதைத் தாங்கும். மூலைக்கு ஒரு குவியல், நடுவில் ஒரு குவியல் என்று கலவையை வைத்துத் தட்டி உட்கார வைத்தால், இடையில் உள்ள வெற்றிடத்தின் மேல் சக்கரம் ஏறும்போது எவ்வளவு கனமான டைல்ஸும் விரிசல் விடும். இருசக்கர வண்டியின் சைடு ஸ்டாண்டு இன்னும் மோசம். தன் பங்குப் பாரத்தை நாணயம் அளவு இடத்தில் ஊன்றும்.

வேலை நடக்கும்போதே ஐந்தாறு டைல்ஸ்களில் ஒன்றைப் பதித்தவுடன் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் முழுவதும் கலவை ஒட்டியிருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது என்பதால், வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. பாலிமர் கலந்த டைல்ஸ் பசையைப் பல் கரணையால் பரப்பி ஒட்டுவதே முறை. இணைப்புகளில் 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து எபாக்சி கிரௌட் நிரப்புங்கள். எல்லாம் இறுகிய பிறகு, காரை ஏற்றுவதற்கு முன், ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக் கேளுங்கள். பானையைத் தட்டினாற்போல ஓசை வரும் டைல்ஸைக் கூலிப் பாக்கியைக் கொடுப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் வடியும் வாட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கேட்டை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச் இறக்கம் இருந்தால், கார் கழுவிய தண்ணீர் தானே ஓடிவிடும். அந்த இறக்கத்தை அடித்தளக் கான்கிரீட்டிலேயே கொடுக்க வேண்டும். டைல்ஸ் பதிக்கும்போது கலவையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யப் போனால்தான் வெற்றிடங்கள் உண்டாகின்றன.

கேள்வி: இருபது ஆண்டு பழைய சிமெண்ட் தரையில் எண்ணெய்க் கறை ஊறியிருக்கிறது. பெயிண்ட் அடிக்கலாமா? (கும்பகோணம்)

கறையைப் போக்காமல் அடித்தால் அந்த இடத்தில் நிற்காது. மேலோட்டமாகத் துடைத்தபின், சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். ஆழமாக இறங்கிய கறைக்கு, பெயிண்டில் கலக்கும் தின்னரில் சுண்ணாம்புக்கல் மாவைக் குழைத்து, அரை இன்ச் கனத்தில் அப்பி, பாலிதீனால் மூடி, ஒரு நாள் வைத்திருந்து, பிறகு திறந்து காயவிட்டுச் சுரண்டி எடுத்தால், எண்ணெய் மாவுக்குள் ஏறிவிடும். தின்னர் தீப்பற்றும், இந்த வேலை முடியும் வரை ஸ்கூட்டரைக்கூட அங்கே ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தரை காய்ந்த பின் கறை இருந்த இடத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உடனே பரவி உறிஞ்சப்பட்டால் பூச்சுக்குத் தயார். முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மூன்று முறை செய்தும் முத்து நிற்குமானால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய கான்கிரீட் போடுவதே மலிவு. புதுக் கான்கிரீட்டின் மேல் 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட் படலாம்.

கேள்வி: கடப்பா கல்லும் கோட்டா கல்லும் விலை குறைவாக இருக்கின்றன. கிரானைட்டுக்குப் பதிலாகப் போடலாமா? (திண்டுக்கல்)

தாராளமாகப் போடலாம். இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் அரிக்கும். கழிப்பறைக்கு வாங்கிய ஆசிடையும், பேட்டரியிலிருந்து சிந்துவதையும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எந்தக் கல்லானாலும் கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம். கிரானைட் என்றால் நெருப்பால் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் ஃபினிஷ் வாங்குங்கள். ஈர டயரோடு வரும் ஸ்கூட்டருக்கு அது வழுக்காது.

கேள்வி: வாசலில் பதித்த பேவர் பிளாக்குகள் சக்கரத் தடத்தில் அமுங்கிவிட்டன. (கோயம்புத்தூர்)

கற்கள் உடையாமல் அமுங்கியிருந்தால் குற்றம் கல்லில் இல்லை. அடியில் நிரப்பிய மண்ணைத் திமிசு போட்டு இறுக்கவில்லை. கற்களைப் பெயர்த்து அடுக்கிவைத்துவிட்டு, மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இறுக்கி, அதன் மேல் ஜல்லித் தூளோடு கலந்த ஜல்லியைப் பரப்பி மீண்டும் இறுக்கி, கடைசியாக ஓர் இன்ச்சுக்குச் சற்றே மேல் மணல் விரித்துப் பழைய கற்களையே பதிக்கலாம். புதிதாக வாங்குவோர், பேவர் பிளாக்குக்கான ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரக்குறியீட்டில் இலகுவான போக்குவரத்துக்குச் சொல்லப்பட்டுள்ள 60 மி.மீ. கனமும் எம் 35 என்ற கான்கிரீட் வலிமைத் தரமும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். ஓரத்தில் கான்கிரீட் வரம்பு இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல வெளியே நகரும்.

கேள்வி: வாடகை வீடு. தரையை எதுவும் செய்ய முடியாது. ரப்பர் ஷீட் விரிக்கலாமா? (தாம்பரம்)

விரிக்கலாம். ஆனால் ஒரே ஷீட்டாக விரித்தால் அடியில் ஈரம் தேங்கும், வெளிர் நிறத் தரையில் ரப்பர்க் கறையும் படியும். அடிப்பக்கத்தில் காற்றும் தண்ணீரும் போக இடைவெளி உள்ள, ஒன்றோடொன்று மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் துண்டுகளே நல்லது. வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.