அறைக்கு வெளியே நடக்கும் மனநலப் பணி: உளவியல் மாணவிக்கு ஒரு வழிகாட்டல்

உளவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள். ஆலோசனை அறைக்குள் உட்காருவதைவிட, மக்கள் அந்த அறைவரை ஏன் வந்து சேர்வதில்லை என்ற கேள்விதான் உங்களை அரிக்கிறது. அதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சேவை வடிவமைப்பாளர், பயனர் ஆய்வாளர், தர மேம்பாட்டு அலுவலர் என்று பதவிப் பெயர் இடத்துக்கு இடம் மாறும். சேவையைப் பெறுகிறவரையும் நடத்துகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைத் திருத்தியமைப்பதுதான் வேலை. இதற்கு மனிதமைய வடிவமைப்பு என்று பெயர்.

ஆப் உருவாக்கும் ஆசையோடு பலர் இதற்குள் வருகிறார்கள். பெரும்பாலும் திருத்த வேண்டியிருப்பது ஒரு படிவமாகவோ, குறுஞ்செய்தியாகவோ, ஏன், ஒரு பெயராகவோகூட இருக்கும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஒரு திட்டம் தொடங்கினார். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, வருகிறவரின் மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பேசுவார்கள். அதற்கு முதலில் ‘மனநல இருக்கை’ என்றுதான் பெயர். அதில் உட்கார மக்கள் தயங்கினார்கள். அந்தப் பாட்டிமார்களின் யோசனைப்படி அது ‘நட்பு இருக்கை’ ஆனது. நோயின் பெயரைச் சொல்லாமல், அளவுக்கு மீறி யோசிப்பதைக் குறிக்கும் ‘குஃபுங்கிசிசா’ என்ற, அந்நாட்டு ஷோனா மொழிச் சொல்லால் பேசினார்கள். 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இருக்கையில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன.

வேலை தேடும்முன் ஒரே ஒரு திட்டத்தை முழுதாகச் செய்து பாருங்கள். ஓர் ஆலோசனை மையத்தில் முதல் சந்திப்புக்கு வந்தவர் இரண்டாவதற்கு ஏன் வரவில்லை என்பதை எடுத்துக்கொள்ளலாம். மையத்தின் எழுத்துபூர்வ அனுமதியும், தகுதிபெற்ற மேற்பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எட்டுப் பேரிடம் பேசினால் தொடங்கப் போதும்: தொடர்ந்து வருகிறவர் மூவர், பாதியில் நின்றவர் மூவர், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், முன்மேசை ஊழியர் ஒருவர். பாதியில் நின்றவர்களைப் பிடிப்பது கடினம் என்று வருகிறவர்களிடம் மட்டுமே பேசிவிடுவதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் தவறு. வந்து பழகியவருக்குத் தடை எது என்று மறந்துபோயிருக்கும். நின்றவர்களை மைய ஊழியரே அழைத்துச் சம்மதம் கேட்கட்டும். பெயர்ப் பட்டியலை நீங்கள் கையில் வாங்கக் கூடாது. ஒருவர் கேட்க, இன்னொருவர் குறித்துக்கொள்ள, 45 நிமிடத்துக்குள் முடியுங்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். “கடைசியாக வந்த அன்று, வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கேட்டவை உங்கள் மனதிலும் தங்கும், அதை மேற்பார்வையாளரிடம் பேசித் தீர்க்க நேரம் வேண்டும்.

குறுஞ்செய்தி ஒன்றைப் பார்ப்போம். “உங்கள் மனநல ஆலோசனை நாளை காலை 10 மணிக்கு.” வீட்டில் எல்லோரும் எடுக்கிற போனில், பூட்டிய திரையிலேயே இது தெரியும். “நாளை காலை 10 மணிக்கு உங்கள் சந்திப்பு. வர இயலாவிட்டால் 1 என்று அனுப்புங்கள்” என்று மாற்றலாம். ஆனால் அனுப்புநர் இடத்தில் மையத்தின் பெயர் வந்தால் மாற்றியும் பயனில்லை. அந்த ‘1’ யார் கைக்குப் போகும் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். முன்மேசை ஊழியருக்கு அது கூடுதல் வேலை என்றால் இரண்டே வாரத்தில் பதில்கள் தேங்கிவிடும். அதனால் அவரும் உங்கள் வடிவமைப்புக் குழுவில் இருந்தாக வேண்டும்.

புதிய செய்தியையும் படிவத்தையும் முதலில் காகிதத்தில் எழுதி ஐந்து பேரிடம் காட்டுங்கள். எங்கே தயங்குகிறார்கள் என்று பாருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். கூட்ட அறையில் சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். காத்திருக்கும் இடத்தில், சத்தத்துக்கு நடுவே சோதியுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்ப்பது வழக்கம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணங்களைக் கேட்கிறது. மொத்தம் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு பதில் பூஜ்யமில்லை என்றால் அன்றே ஒருவர் நேரில் பேசியாக வேண்டும். இரவில் வீட்டிலிருந்து நிரப்பும்படி இதைப் போனில் அமைத்துவிட்டு, பதிலை மறுநாள்தான் பார்ப்போம் என்றால் அது ஆபத்து. யார் பார்ப்பார், எவ்வளவு நேரத்தில், அவர் இல்லாதபோது யார் என்பது எழுத்தில் முடிவாகும்வரை அந்தப் படிவத்தை வெளியிடக் கூடாது.

மாற்றத்துக்கு முன் எட்டு வாரம், பின் எட்டு வாரம், முதல் சந்திப்புக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்கு வந்தார்கள் என்று எண்ணுங்கள். இருபது முப்பது பேர்தான் என்றால் சதவீதத்தில் பெருமை பேசாமல் எண்ணிக்கையையே எழுதுங்கள்.

மேற்படிப்புக்குச் சமூகப் பணி, பொதுச் சுகாதாரம், சேவை வடிவமைப்பு மூன்றில் எதுவும் பொருந்தும். களப்பயிற்சி நேரம் அதிகமுள்ள படிப்பைத் தேர்ந்தெடுங்கள். வடிவமைப்புப் பட்டம் யாருக்கும் சிகிச்சை தரும் உரிமத்தைத் தராது, இதைப் பெற்றோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது பழைய குறுஞ்செய்தி, புதியது, நடுவில் தோற்ற இரண்டு வடிவங்கள், அவை ஏன் தோற்றன என்ற குறிப்பு ஆகியவற்றை ஆள் அடையாளம் நீக்கி எடுத்துச் செல்லுங்கள்.