டிரெய்லர் நின்றாயிற்று, டீ எப்போது?

கோடை பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்: எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரமாகிறது? உள்ளேயே சமைத்துத் தூங்குகிற சின்ன முகாம் டிரெய்லரை ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு இழுத்துக்கொண்டு போகும் நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். என்னுடையதும் பதினாறு அடிதான், ஒற்றை அச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தால், எல்லாம் சரிசெய்து உட்கார ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பக்கத்து இடத்துக்காரர் இருபது நிமிடத்தில் நாற்காலி போட்டுவிட்டார். என்ன ரகசியம் அண்ணா? (ஸ்காபரோ)

அடுத்த தடவை அவரைக் கொஞ்சம் கவனியுங்கள் தம்பி. ஓடியாடவே மாட்டார். ஆனால் எதையும் இரண்டாம் முறை செய்யமாட்டார். நம் நேரத்தைத் தின்பது செய்ததைக் கலைத்து மறுபடி செய்வதுதான். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றிய பிறகு "ஐயோ, இடது பக்கம் சாய்ந்திருக்கே" என்று கண்டுபிடித்தால், திரும்ப மாட்டி, முன்னே இழுத்து, கட்டை வைத்து ஏற்ற வேண்டும். அரை மணி நேரம் அங்கேயே போச்சு.

பக்கவாட்டு மட்டத்தைக் காரோடு மாட்டியிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும், டிரெய்லரின் உள்தரையில் குறுக்கே வையுங்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பலகையோ பிளாஸ்டிக் அடுக்குக் கட்டையோ போட்டு, மெல்ல அதன்மேல் ஏற்றுங்கள். என் டிரெய்லரில் குமிழி கோட்டை விட்டு எவ்வளவு விலகினால் எத்தனை கட்டை என்று ஒரு தடவை சோதித்துப் பார்த்து, டேப்பில் எழுதி ரசமட்டத்தின் மேலேயே ஒட்டிவிட்டேன். இப்போது ஊகமே கிடையாது.

அடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை. இது வைக்காமல் ஹிட்சை, அதாவது காரின் பந்தோடு டிரெய்லரை மாட்டும் இணைப்பைத் தொடாதீர்கள். முதல் வருடம் நான் தொட்டேன். இடம் பார்வைக்குச் சமதளம்தான். பந்திலிருந்து விடுபட்டதும் டிரெய்லர் ஒரு சாண் முன்னே வந்து, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கியின் கால் சரளைக் கல்லை உழுதுவிட்டது. பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றாமல் விட்டிருந்ததால் அதோடு நின்றது. அன்றிலிருந்து சங்கிலியைக் கடைசியாகத்தான் அவிழ்ப்பது.

கழற்றி, காரை முன்னே எடுத்த பிறகு, முன்ஜாக்கியை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம்: பந்திலிருந்து விடுபட்ட உயரத்தில் ஜாக்கிக் குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப மாட்டும்போது நேராக அந்தக் கோட்டுக்கு ஏற்றினால் போதும், குனிந்து குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அப்புறம்தான் மூலைக் கால்கள், மின்சாரம், கேஸ். நாற்காலி, பந்தல் துணி, விளக்குச் சரம் எல்லாம் டீ குடித்த பிறகு.

இன்னொன்று, பாதி வேலை வீட்டு வாசலிலேயே முடிந்திருக்க வேண்டும். கட்டைகள், ஆப்பு, ரசமட்டம், கையுறை, மின்கம்பி எல்லாம் கதவைத் திறந்ததும் கைக்கு வருகிற ஒரே பெட்டியில். கூலருக்கும் அரிசி மூட்டைக்கும் அடியில் ஆப்புக் கட்டை கிடந்தால் எந்த ரகசியமும் உதவாது.

ரிவர்ஸ் எடுக்கும்போது எனக்கும் கணவருக்கும் ஒவ்வொரு தடவையும் சண்டை. பூங்கா முழுக்க வேடிக்கை பார்க்கிறது. (மார்க்கம்)

நீளமான டிரெய்லரை விடச் சின்னது ரிவர்ஸில் கஷ்டம் அம்மா. சட்டென்று மடங்கிவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். மடங்கத் தொடங்கினால் நிறுத்தி, முன்னே இழுத்து நேராக்கிவிட்டுத் திரும்ப வரட்டும். அதில் வெட்கமே இல்லை. முடிந்தால் ஓட்டுநர் பக்கத்துக்கு வளைகிற மாதிரி உள்ளே வாருங்கள். அவர் தலையை நீட்டியே பார்த்துவிடலாம்.

நீங்கள் நிற்கும் இடம் அவருடைய கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் கண்ணாடி உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். "இடது, வலது" என்று கத்த வேண்டாம், யாருடைய இடது என்பதில்தான் சண்டையே. கையால் திசை காட்டுங்கள், அல்லது போனில் "மரத்துப் பக்கம்", "மேசைப் பக்கம்" என்று சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்கும் முன் அவரை இறங்கி ஒரு நிமிடம் இடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். மேலே தாழ்ந்த கிளை இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஏசி ஓடும்போது கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் போட்டால் கரண்ட் போகிறது. டிரெய்லரில் கோளாறா?

கோளாறு இல்லை, கணக்கு. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட். கெட்டில் மட்டும் 1,500 எடுக்கும். கூரை ஏசியும் ஏறத்தாழ அதே அளவு. ரைஸ் குக்கர் ஐந்நூறு, அறுநூறு. கூட்டிப் பாருங்கள், விளிம்புக்கு வந்துவிட்டது. அதைவிடப் பெரும்பாலும் நடப்பது வேறு. உள்ளே இருக்கும் பிளக்குகள் எல்லாம் 15 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றிலேயே தொங்கும். அதன் எல்லை 1,800 வாட். கெட்டிலும் குக்கரும் சேர்ந்தாலே, ஏசி இல்லாமலேயே அது விழுந்துவிடும். ஆக, சோறு பொங்கி முடியட்டும், பிறகு கெட்டில். இல்லையென்றால் தண்ணீரைக் கேஸ் அடுப்பில் கொதிக்க வையுங்கள்.

பூங்கா இடத்தில் உள்ள மின்சாரக் கம்பத்தில் செருகும் முன் அங்குள்ள பிரேக்கரை அணைத்துவிடுங்கள். செருகிய பிறகு போடுங்கள். தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய நீட்டிப்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கையை வைத்துப் பாருங்கள், சுடும்.

சிலிண்டர் நிறையக் கேஸ் இருக்கிறது, அடுப்பு மட்டும் மினுக் மினுக் என்று எரிகிறது.

அவசரத்தில் சிலிண்டர் வால்வை ஒரே திருகாகத் திறந்திருப்பீர்கள். கேஸ் குபீரென்று பாய்ந்தால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் ஓட்டத்தைக் குறைத்துவிடும். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, ஒரு நிமிடம் விட்டு மெல்ல மெல்லத் திறவுங்கள். இதற்காகச் சிலிண்டரையே மாற்றப்போன ஒரு நண்பர் எனக்கு உண்டு. கேஸ் வாடை வந்தால் மட்டும் கதை வேறு. எதையும் பற்றவைக்காமல் மூடிவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள்.

மூலைக் கால்களை நன்றாக இறக்கி டிரெய்லரைத் தூக்கி மட்டம் பண்ணலாமா?

கூடாது. அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், தூக்க அல்ல. தூக்கினால் டிரெய்லரின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், பிறகு கதவு சரியாகச் சாத்தாது. அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து, தரையில் அழுந்தும்வரை இறக்கினால் சரி.

உண்மையிலேயே மட்டம் அவ்வளவு முக்கியமா?

கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜ் இருந்தால், ஆமாம். அதில் மோட்டார் இல்லை, திரவம் சரிவில் தானாக இறங்கித்தான் குளிர்விக்கிறது. சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும், பழுதும் ஆகலாம். குளிரவே பல மணி நேரம் எடுக்கும் என்பதால், முந்தின நாளே வீட்டில் போட்டுவிடுங்கள். புதிய 12 வோல்ட் கம்ப்ரஸர் வகைக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. ஆனால் தோசைக்கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடும், தூக்கத்தில் நீங்களும் ஓடுவீர்கள்.

400ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி இரவு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை வேறு. என்ன செய்திருக்க வேண்டும்?

மிகக் குறைவாக. பக்கவாட்டு மட்டத்தை ஓரளவு பாருங்கள், ஆப்புக் கட்டை வையுங்கள், படுத்துவிடுங்கள். காரிலிருந்து கழற்றவே வேண்டாம். ஓர் இரவு மாட்டியபடியே தூங்கலாம். உள்விளக்குக்கு பேட்டரி போதும். மழையிலும் காற்றிலும் பந்தல் துணியைத் திறக்காதீர்கள், தண்ணீர் தேங்கி வளைந்துவிடும். சாப்பாட்டை மட்டும் வெளியே மேசையில் விடக் கூடாது, கரடி நடமாடும் ஊர். இந்த மாதிரி இரவுகளுக்காகவே புளிசாதப் பொட்டலம் ஒன்றை முன்சீட்டில் வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

தண்ணீர் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். இந்தப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள இடங்களில்கூடப் பெரும்பாலும் தனிக் குழாய் இருக்காது. ஆகவே இடத்துக்குப் போகும் முன், தண்ணீர் பிடிக்கும் நிலையத்தில் தொட்டியை நிரப்பிவிடுங்கள். குடிநீருக்கென்று விற்கும் வெள்ளைக் குழாயால் மட்டும். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போனால், நூறு லிட்டர் நூறு கிலோ. அதை 300 கிலோமீட்டர் இழுப்பானேன்?

பழைய 13 அடி போலர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (பிராம்ப்டன்)

எனக்கு அதன்மேல் ஒரு கண் உண்டு, அதனால் என் பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும். 1968இல் வினிபெக்கில் பிறந்த, முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் அது. பௌலர் தொப்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சின்ன கார் கூட இழுக்கும், நான்கு பேர் சேர்ந்தால் கையாலேயே தள்ளி இடத்தில் வைத்துவிடலாம். மேலோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கீழே படுத்து, இழுவைக் கம்பி வளையும் இடத்தில் சட்டத்தைப் பாருங்கள், அங்கேதான் விரிசல் விடும். துரு மேல் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும்போதுதான் எதையாவது மறக்கிறோம்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றியதும், யாரோடும் பேசாமல் டிரெய்லரை ஒரு சுற்று சுற்றுங்கள், ஒவ்வொன்றையும் கையால் தொட்டு: படி, கூரை ஜன்னல், மின்கம்பி, மூலைக் கால், ஹிட்ச் பூட்டு, சங்கிலி, விளக்குகள். ஹிட்ச் பூட்டியதும் ஜாக்கியால் லேசாக உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பிடித்திருக்கிறது. ஆப்புக் கட்டையைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வெளியேறும் நேரம் பிற்பகல் இரண்டு என்பதால் ஞாயிறு மதியம் கழிவு நிலையத்தில் நீண்ட வரிசை நிற்கும். காலையிலேயே போய்விடுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். உள்ளே அலமாரிக் கதவுகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சாம்பார் பொடி டப்பா பாரி சவுண்ட் அருகே ஒரு வளைவில் திறந்துகொண்டதில், அந்த ஆண்டு முழுக்க எங்கள் மெத்தை மணத்தது.